வீட்டில் ஒரு கணக்கு கேட்டு வரச் சொல்லுங்கள்: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் ஆசிரியர் இல்லை, கணக்கில் பட்டம் வாங்கியவளும் இல்லை. ஒரு பஸ் கண்டக்டரின் மகள், நான்காம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா. உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன், சுற்றி வளைக்காமல் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், கணக்கு வீட்டுப்பாடமாகத் தாள் எதுவும் கொடுக்காமல், "வீட்டில் யாரிடமாவது ஒரு எண் விளையாட்டு கேட்டுவிட்டு வா, நாளைக்கு வகுப்பில் எல்லாரும் ஆடலாம்" என்று பிள்ளைகளை அனுப்புங்கள். அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்ல எங்கள் வீட்டுக் கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

அப்பா எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு அரசுப் பேருந்தில் நடத்துநராகச் சேர்ந்தவர். பெரும்பாலும் காரைக்குடி - மதுரை தடம்: குன்றக்குடி, திருப்பத்தூர், மேலூர். முழுப்பரீட்சை லீவில் சில நாள் என்னையும் கூட்டிப்போவார், பின்படி பக்கத்து சீட்டில் உட்கார வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விடுவார், டிக்கெட் கிழித்து முடித்துத் திரும்பி வரும்போதெல்லாம் ஒரு நம்பர் கொண்டு வருவார். "ஏத்தா, முன்னாடி போற லாரியப் பாரு, பத்தைக் கொண்டு வா." வண்டி எண்ணில் இருக்கும் நான்கு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக, ஒரே ஒரு முறை பயன்படுத்த வேண்டும், கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், வகுக்கலாம், வரிசையை மாற்றிக்கொள்ளலாம், கடைசியில் பத்து வர வேண்டும். அப்பாவின் இன்னொரு விதி: வகுத்தால் மிச்சம் விழக் கூடாது. இந்த விதியை மறந்துவிடாதீர்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

4736 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கண்ணில் படுவது 4-ம் 6-ம் சேர்ந்த பத்து, ஆனால் 7-ம் 3-ம் கையில் நிற்கும். அந்த இரண்டும் சேர்ந்தாலும் பத்துதான், இரண்டு பத்து கிடைத்துவிடுகிறது, ஒன்று கிடைக்கமாட்டேன் என்கிறது. அங்கே மாட்டிக்கொண்டு எத்தனை மைல் போயிருப்பேன் தெரியாது. அப்பா வந்து எட்டிப்பார்த்து, "ஆறை மூணால வெட்டிப் பாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஸ்டேஜுக்கு டிக்கெட் போடப் போய்விடுவார். 6-ஐ 3-ஆல் வகுத்தால் 2. இரண்டேழு பதினாலு. நாலு போனால் பத்து. அவர் திரும்பி வரும்வரை வாயில் அந்தப் பத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விடை முழுதாக ஒரு நாளும் சொன்னதில்லை, ஒரு நூல் முனையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவதுதான் அவர் பழக்கம். ஜப்பானில் பிள்ளைகள் ரயில் டிக்கெட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணை வைத்து இதே பத்தைக் கொண்டுவரும் விளையாட்டை ஆடுகிறார்கள் என்று பெரியவளான பிறகுதான் தெரிந்தது. அப்பாவுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு, "யாரு சொல்லணும், நாளெல்லாம் நம்பரையே பார்த்துக்கிட்டு வர்றவன் வேற என்ன செய்வான்" என்றார்.

நடத்துநர் வேலையே எண்களோடு உட்கார்ந்து எழும் வேலைதான். இப்போது கையில் மெஷின் இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் மொத்தமும் வந்துவிடும். அப்போது ஒவ்வொரு விலைக்கும் ஒரு டிக்கெட் கட்டு. தொடங்கிய எண்ணையும் முடிந்த எண்ணையும் இன்வாய்ஸில் எழுத வேண்டும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து விலையால் பெருக்கி, எல்லாக் கட்டையும் கூட்டினால் பையில் இருக்கும் காசோடு ஒத்துப்போக வேண்டும். ஷார்ட் விழுந்தால் சொந்தக் காசிலிருந்து கட்ட வேண்டும். அதனால் அப்பாவுக்குக் கணக்கைச் சரிபார்ப்பது என்பது எங்கள் வீட்டு அரிசியோடு சம்பந்தப்பட்ட விஷயம், அதையும் அவர் எங்களுக்கு விளையாட்டாக மாற்றிக் கொடுத்ததைத்தான் இன்றைக்கும் நினைத்து நினைத்து வியக்கிறேன்.

"ஒன்பதைத் தூக்கி எறி" என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். 37 டிக்கெட், டிக்கெட் 48 ரூபாய் என்றால் 1776 ரூபாய். சரியா என்று எப்படித் தெரியும்? 37-இன் இலக்கங்களைக் கூட்டு, 10, திரும்பக் கூட்டு, 1. 48-ஐக் கூட்டு, 12, திரும்ப 3. ஒன்றையும் மூன்றையும் பெருக்கினால் 3. விடையான 1776-ஐக் கூட்டு, 21, அதுவும் 3. ஒத்துப்போகிறது. ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ தப்பு, நிச்சயம் தப்பு. ஒத்துப்போனால் மட்டும் முழுசாக நம்பிவிடக் கூடாது என்றும் அப்பா சொல்வார், ஏனென்றால் 1776-ஐ 1767 என்று மாற்றி எழுதினாலும் கூட்டல் 21-தான். "ஒன்பதுங்கிறது நல்ல காவக்காரன், ஆனா உள்ளேயே இடம் மாறி உக்காந்தவனைப் பிடிக்கத் தெரியாது." இடம் மாறி உட்கார்ந்தவனைப் பிடிக்க அவரிடம் இன்னொரு வழி இருந்தது. குறைகிற தொகை ஒன்பதால் மிச்சமில்லாமல் வகுபட்டால், முதலில் எங்காவது இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று தேடு. 9, 18, 27, 90, 180 என்று ஷார்ட் விழுந்த ராத்திரிகளில் இன்வாய்ஸ் நகலை விரித்து வைத்து நானும் தம்பியும் சேர்ந்து தேடியிருக்கிறோம், கண்டுபிடித்தவருக்குப் பத்துப் பைசா. எங்களுக்கு அது திருடன் போலீஸ் விளையாட்டு. அந்த ராத்திரிகளில் அப்பாவுக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்பது நான் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

37 அவருக்கு மிகப் பிடித்த எண். 37-ஐ 3-ஆல் பெருக்கினால் 111, 6-ஆல் என்றால் 222, 9-ஆல் 333. மூணரை ரூபாய் டிக்கெட் 37 போயிருந்தால் அவருக்குக் காகிதமே வேண்டாம்: நூற்றுப் பதினொன்று, அதோடு முப்பத்தேழில் பாதி பதினெட்டரை, மொத்தம் நூற்று இருபத்தொன்பதரை.

இதே 37 எங்கள் வாசலிலும் இருந்தது. அம்மா வெள்ளிக்கிழமை போடும் கோலம், ஏழு புள்ளி, ஊடுபுள்ளி, நாலில் நிறுத்துவது. நடுவரிசையில் 7, அதற்கு மேலும் கீழும் 6, அப்புறம் 5, அப்புறம் 4. டூட்டிக்குக் கிளம்பும் முன் காப்பியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா, "எண்ணாம சொல்லு, மொத்தம் எத்தனை?" என்று கேட்பார். மேலே இருக்கும் 6, 5, 4 சேர்ந்தால் 15, கீழே ஒரு 15, நடுவில் 7, ஆக 37. அம்மா அவசரமான நாளில் மூன்று புள்ளி வைத்து இரண்டில் நிறுத்துவார், அது 7 புள்ளி. ஐந்து வைத்து மூன்றில் நிறுத்தினால் 19. ஒன்பது வைத்து ஐந்தில் நிறுத்தினால் 61. இந்த எண்கள் எனக்குத் தலைகீழ்ப் பாடம், எதற்கென்று தெரியாமலே. எட்டாம் வகுப்பில் 1 × 1 × 1, 2 × 2 × 2, 3 × 3 × 3 என்று போகும் கன எண்கள் வந்தபோது ஒரு நாள் வகுப்பிலேயே நெஞ்சு படபடத்தது. ஒற்றைப் புள்ளி 1. அதோடு 7 சேர்ந்தால் 8. அதோடு 19 சேர்ந்தால் 27. 37 சேர்ந்தால் 64. 61 சேர்ந்தால் 125. அம்மாவின் கோலங்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் கன எண்கள் வருகின்றன! சாயங்காலம் ஓடி வந்து சொன்னேன். அப்பா புளியங்கொட்டையை அடுக்கி மூன்று முறை சரிபார்த்தார். அம்மா அடுப்படியிலிருந்து, "அது பாட்டுக்கு வருது, நான் என்ன கணக்குப் பார்த்தா வச்சேன்" என்றார், ஆனால் முகத்தில் ஒரு பெருமை இருந்ததை நான் பார்த்தேன்.

அப்பாவுக்கும் முந்தி அப்பத்தா. அவருக்கு எழுத்து தெரியாது, எண்கள் தெரியும். களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லமாட்டார், "லாபம்" என்றுதான் முதல் அளவையைக் கொட்டுவார், அப்புறம்தான் ரெண்டு, மூணு. எங்களுக்கு அவர் போட்ட கணக்கெல்லாம் பாதியும் பாதியில் பாதியுமாகவே இருக்கும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அப்படியானால் ஆழாக்கு என்பது படியில் எவ்வளவு? "அரைக்கால்" என்று நாங்கள் கத்த வேண்டும். பள்ளியில் எட்டில் ஒன்று என்று படித்தேன், அதுவும் அதுதான், ஆனால் அரைக்கால் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள், அரையும் காலும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பெருகுகின்றன, காலில் பாதி என்று சொல்லே கணக்கைச் செய்து காட்டிவிடுகிறது. அரைக்காலில் பாதி வீசம், பதினாறில் ஒன்று. நாலு வீசம் ஒரு கால். இந்த வரிசை கீழே முந்திரி வரை போகும், 320-இல் ஒரு பங்கு. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி வைத்து இதையெல்லாம் ஒப்பித்தார்கள். அப்பத்தா ஒரு திண்ணையிலும் உட்காராமல் சந்தையிலும் களத்திலும் காதால் பிடித்தவர்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவருடைய விடுகதை. பறந்து போகும் புறாக் கூட்டத்தைப் பார்த்து, "நீங்க நூறு பேரா?" என்று தரையில் இருந்த புறா கேட்டதாம். "நாங்களும், எங்களை மாதிரி இன்னொரு பங்கும், எங்களில் பாதியும், பாதியில் பாதியும், உன்னையும் சேர்த்தாத்தான் நூறு" என்றனவாம். எத்தனை புறா? ஊரெல்லாம் தெரிந்த விடுகதைதான், புறாவுக்குப் பதில் கொக்கு, கிளி என்று மாறும். அப்பத்தா பின்னாலிருந்து பிடிக்கச் சொல்வார்: கீழே இருக்கும் ஒற்றைப் புறாவை எடுத்துவிடு, 99. கால் பங்கை ஒரு கையளவு என்று வைத்தால் பாதி இரண்டு கை, முழுசு நாலு கை, இன்னொரு முழுசு நாலு கை, ஆக 11 கை. 99-ஐ 11-ஆல் பிரித்தால் கைக்கு ஒன்பது. நாலு கை 36. சமன்பாடும் எக்ஸும் இல்லாமல் எழுத்து தெரியாத ஒரு மனுஷி இதைச் செய்தார், ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி செய்தார்.

இது எல்லாம் என் மகளுக்கும் வந்திருக்கிறது. அப்பா கடைசி வருடத்தில் பக்கவாதம் வந்து படுத்திருந்தார், பேச்சு போய்விட்டது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றுவிட்டுப் போவார்கள். அவள் மட்டும் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, கை நிறைய புளியங்கொட்டையை மூடிக்கொண்டு, "ஒத்தையா ரெட்டையா தாத்தா?" என்பாள். அவர் ஒரு விரலைக் காட்டுவார், அல்லது இரண்டு விரலை. கொட்டை ஒற்றைப்படையில் வந்தால் ஒரு விரல் ஜெயிக்கும். மணிக்கணக்கில் ஆடினார்கள். அந்த அறையில் அந்த ஒரு வருடத்தில் நடந்த உண்மையான பேச்சு அதுதான்.

டிசம்பர் 22 வந்தால் ராமானுஜன் பிறந்தநாளுக்குப் பள்ளிகளில் 1729 கதை சொல்கிறீர்கள். உடம்பு முடியாமல் இருந்த ராமானுஜனைப் பார்க்க இங்கிலாந்துக் கணிதப் பேராசிரியர் ஹார்டி வந்த டாக்ஸியின் எண் 1729, அது சுவாரசியமில்லாத எண் என்று அவர் சொல்ல, இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்று ராமானுஜன் பதில் சொன்ன கதை. ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும், இல்லையென்றால் ஒன்பதின் கனமும் பத்தின் கனமும். எல்லாரும் அதில் ராமானுஜனின் மேதைமையைப் பார்க்கிறார்கள், சரிதான். எனக்கு அந்தக் கதையின் தொடக்கம்தான் பிடிக்கும். உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கும் ஒருவரைப் பார்க்கப் போன மனிதர், பேச்சை எப்படித் தொடங்குவது என்று யோசித்து, வந்த வண்டியின் நம்பரைச் சொல்கிறார். எங்கள் வீட்டில் நாங்கள் செய்ததும் அதைத்தான்.

இப்போது மனதில் கிடக்கும் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். யாரையும் சுட்டிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, பள்ளியின் பெயரும் வேண்டாம். போன வருடம் என் மகள் 7 × 8 என்ற கணக்குக்கு 56 என்று எழுதி, ஓரத்தில் சின்னதாக 49 + 7 என்று போட்டிருந்தாள். ஏழேழு நாற்பத்தொன்பது அவளுக்கு உறுதியாகத் தெரியும், ஏழெட்டில் தடுமாற்றம், அதனால் தெரிந்த இடத்தில் காலை ஊன்றி அடுத்த படிக்கு ஏறியிருக்கிறாள். அந்த 49 + 7 சிவப்பு மையில் அடிக்கப்பட்டு, எட்டாம் வாய்ப்பாடு பத்து முறை இம்போசிஷனாக வந்தது. வாய்ப்பாட்டுக்கு நான் எதிரி இல்லை, அப்பாவுக்குப் பதினாறு வரை தண்ணீர் பட்ட பாடு, மனப்பாடம் இல்லாமல் ஓடுகிற பஸ்ஸில் சில்லறை கொடுக்க முடியாது. ஆனால் மறந்துபோன இடத்துக்கு வேறு வழியில் நடந்து போகத் தெரிந்த பிள்ளையின் காலை ஏன் தட்டிவிட வேண்டும்?

அதைவிட வலித்தது அடுத்து நடந்த பெற்றோர் கூட்டம். "வீட்டில் உங்கள் முறையில் சொல்லிக்கொடுத்துக் குழப்பிவிடாதீர்கள்" என்று எங்கள் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா கோயில் வாசலில் பூக் கட்டி விற்பவர். முழம் 30 ரூபாய் என்றால், இரண்டரை முழம் கேட்டு நூறு ரூபாயை நீட்டுகிறவருக்கு, கை மல்லிகையை அளந்து முடிக்கும் முன்னே மீதி 25 ரூபாயை எடுத்து வைத்துவிடுவார், நானே பல முறை வாங்கியிருக்கிறேன். அவர் எழுந்து நின்று, "எனக்குக் கணக்கெல்லாம் தெரியாதுங்க மேடம், நான் ஒன்னும் சொல்லித் தர்றதில்ல" என்றார். மன்னிப்புக் கேட்கிற குரலில். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று ராத்திரி அவர் பையன் அவரிடம் ஏதாவது கேட்டிருந்தால், போய் டீச்சரிடம் கேள் என்றுதான் சொல்லியிருப்பார்.

உங்கள் மேல் பாரம் ஏற்றுவது என் எண்ணம் இல்லை. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த காலத்தின் இழப்பைச் சரிசெய்ய 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியதிலிருந்து, ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, ஆடல் பாடல் என்று நீங்கள் நடத்துவதைப் பார்த்திருக்கிறேன், அதற்கு முந்தின வருடம் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் வந்தபோது தெருத் திண்ணையில் தன்னார்வலர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்ததையும் பார்த்திருக்கிறேன். விளையாட்டாகக் கற்றுத்தர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? நான் சொல்வது அந்த விளையாட்டு இப்போது ஒரு பக்கமாகவே ஓடுகிறது என்பதை. பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகிறது, வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒன்றும் வருவதில்லை. வீட்டில் இருப்பவர் கையெழுத்துப் போடுகிறவராகவும், தாள் முடிந்ததா என்று மிரட்டுகிறவராகவும் ஆகிவிட்டார்.

ஒரு நாள் திருப்பிப் பாருங்கள். கொத்தனார் வீட்டுப் பிள்ளை என்ன கொண்டு வரும்? மூன்றடி, நாலடி, ஐந்தடி என்று கயிற்றைப் பிடித்து மூலைமட்டம் பார்க்கும் வித்தையைக் கொண்டு வரும், பித்தாகரஸ் அதற்கு எட்டு வயதிலேயே சொந்தக்காரர் ஆகிவிடுவார். தையல்காரர் வீட்டுப் பிள்ளை டேப்பை மடித்து மடித்து இடுப்பளவை நாலாகப் பிரிப்பதைக் காட்டும். தாயம் ஆடுகிற பாட்டி இருந்தால், ஏன் ஒன்றும் ஐந்தும் ஆறும் பன்னிரண்டும் விழுந்தால் மட்டும் இன்னொரு ஆட்டம், நாலு விழுந்தால் ஏன் இல்லை என்ற கேள்வி வரும், இரண்டு கட்டையில் நாலு எத்தனை விதமாக விழும் என்று எண்ணினால் அது நிகழ்தகவுக்கு முதல் படி. பல்லாங்குழி வைத்திருக்கும் வீடு இன்னும் இருக்கிறது, பதினாலு குழி, குழிக்கு ஐந்து முத்து, எங்கே எடுத்தால் எங்கே முடியும் என்று முன்கூட்டியே பார்க்கிற கண் வேறு எந்தத் தாளிலும் வராது. அந்தப் பூக்கார அக்காவின் பையன் முழத்தைக் கொண்டு வரட்டும், வகுப்பில் எல்லாரும் தன் கையால் ஒரு கயிற்றை அளந்து பார்க்கட்டும், ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு விடை வருகிறதே என்று சண்டை போடட்டும். அந்தச் சண்டையில் இருந்து அளவுகோல் எதற்கு என்பது தானாக வரும்.

அம்மா அப்பா ராத்திரி வெகுநேரம் கழித்து வருகிற வீடுகள் உண்டு, பேசவே ஆள் இல்லாத பிள்ளைகள் உண்டு, எனக்குத் தெரியும். அதனால்தான் 'யாரிடமாவது' என்கிறேன். மளிகைக் கடை அண்ணன், ஆட்டோக்காரர், பள்ளிச் சத்துணவுக் கூடத்து அக்கா, யாராக இருந்தாலும் சரி. நூறு பிள்ளைக்கு எத்தனை கிலோ அரிசி, இன்றைக்கு எண்பத்தாறு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு குறைப்பது என்று அந்த அக்காவைக் கேட்டால் அதைவிட நல்ல விகிதக் கணக்கு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

அப்புறம் தயவுசெய்து இதற்கு மதிப்பெண் போடாதீர்கள். படிவம் வேண்டாம், போட்டோ எடுத்துக் குழுவில் போட வேண்டாம், எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் ஏற்றுகிற வேலையே உங்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் இருக்கிறது, இதையும் அதில் சேர்க்கும்படி யாராவது மேலே இருந்து உத்தரவு போட்டால் இந்த மடலைக் காட்டி வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளை வந்து நிற்க வேண்டும், ஆடிக் காட்ட வேண்டும், மற்றவர்கள் ஆட வேண்டும், கரும்பலகையின் ஒரு மூலையில் "இது இன்னார் பாட்டி சொன்ன கணக்கு" என்று நீங்கள் எழுத வேண்டும். வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளை அதைச் சொல்லும்போது அந்தப் பாட்டியின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. அப்பா ஒரு பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் "வராதவை" என்று தலைப்புப் போட்டு, பத்து கொண்டுவர முடியாத வண்டி எண்களை எழுதி வைத்திருந்தார். அவர் போன பிறகு அலமாரியைச் சுத்தம் செய்யும்போது கிடைத்தது. அதில் 1111 இருந்தது. அது நிஜமாகவே வராது, நான்கு ஒன்றுகளை என்ன செய்தாலும் நாலுக்கு மேல் ஏறாது, அதை என் மகள் தானே கண்டுபிடித்துச் சொன்னாள். 9999 முதலில் எழுதப்பட்டு, பிறகு அடிக்கப்பட்டிருந்தது, பக்கத்தில் விடை: ஒன்பதொன்பது எண்பத்தொன்று, அதோடு ஒன்பது சேர்ந்தால் தொண்ணூறு, ஒன்பதால் வகுத்தால் பத்து. அதற்குக் கீழே 1199. அடிக்கோடு இரண்டு முறை. அவ்வளவு காலம் அவரை அலைக்கழித்திருக்கிறது.

போன மாதம் ஒரு நாள் மேலூர் பக்கம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். மகள் கையில் அந்த டைரிப் பக்கத்தின் நகல். "அம்மா, மிச்சம் வரக் கூடாதுன்னு தாத்தா ஏன் சொன்னாங்க?" என்றாள். சில்லறை வேலை செய்கிறவருக்கு மிச்சம் பிடிக்காது என்றேன். "ஆனா பூட்டி பாதி, கால்னுதானே கணக்குப் போட்டாங்க? ஒன்னை ஒன்பதாப் பங்கு போட்டா ஒரு துண்டு வரும்ல?" அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. ஒத்தக்கடை வருவதற்குள் கத்தினாள். ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு முழு அதிரசம், அதோடு இன்னோர் அதிரசத்தை ஒன்பதாக வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு. மொத்தம் எத்தனை அதிரசம் செலவாச்சு? பத்து. ஒன்றையும், ஒன்றை ஒன்பதால் வகுத்ததையும் கூட்டி, ஒன்பதால் பெருக்கு. 1, 1, 9, 9. எல்லாம் ஒரு முறை. பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், நடத்துநர் பக்கத்தில் வந்து என்னம்மா என்று கேட்டார், நான் அழுதுகொண்டிருந்தேன், அவள்தான் அவருக்கு விளக்கினாள்.

டைரியில் 1199-ஐ அவள் கையாலேயே அடித்தோம். அதற்குக் கீழே இன்னும் ஒன்று இருந்தது, 3478. அதற்கும் அப்பாவின் விதியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், கால், முக்கால் தெரிந்த பிள்ளைக்கு வந்துவிடும். விடையை நான் எழுதவில்லை. திங்கட்கிழமை உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், வராவிட்டால் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஒரு நடத்துநரின் மகள்